சில்லு வைத்த சாவி: பழைய ஜி.எம். கார்க்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கே: 1990 கமாரோ வாங்கியிருக்கிறேன். சாவித் தண்டில் ஒரு கறுப்புச் சில்லு இருக்கிறது. அதற்குப் பேட்டரி மாற்ற வேண்டுமா?

வேண்டாம், அது வெறும் ரெசிஸ்டர், அதாவது மின்சாரத்தைக் குறிப்பிட்ட அளவுக்குத் தடுக்கும் சிறு பாகம். ஜெனரல் மோட்டார்ஸ் இந்தப் பாதுகாப்பை முதலில் 1986 கார்வெட்டில் வைத்தது. பிறகு பாஸ்-கீ என்று பெயரிட்டது. சாவியைச் செருகியதும் பூட்டுக்குள் இருக்கும் இரண்டு தொடுமுனைகள் சில்லைக் கவ்விக்கொள்ளும். இக்னிஷனைத் திருப்பினால் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருக்கும் மாட்யூல் (கட்டுப்பாட்டுப் பெட்டி) சில்லின் ஓம் அளவை, அதாவது மின்தடையைப் பார்க்கும். அளவு பொருந்தினால்தான் ஸ்டார்ட்டர் ரிலேவுக்கு எர்த் கிடைக்கும், இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் பெட்ரோல் அனுமதி சிக்னலும் போகும். இந்த இரட்டைப் பூட்டுதான் இதன் பலம். ஸ்டார்ட்டருக்கு நேரடியாக வயர் கொடுத்துச் சுற்றவைத்தாலும் இன்ஜெக்டர் பெட்ரோல் விடாது.

கே: மொத்தமே 15 வகைச் சில்லுதானாமே? திருடன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட மாட்டானா?

ஆமாம், 402 ஓமில் தொடங்கி 11,800 ஓம் வரை 15 அளவுகள்தான். ஆனால் ஒருமுறை தவறான சில்லைப் போட்டால் மாட்யூல் 2 முதல் 4 நிமிடம் வரை முடங்கிவிடும். அதற்குள் சரியான சாவியைப் போட்டாலும் ஏற்காது. எல்லாவற்றையும் முயல ஒரு மணி நேரம் வரை ஆகும். தெருவில் நின்று அவ்வளவு நேரம் திருட முடியாது. உங்களுக்கும் அதே விதிதான். டாஷ்போர்டில் செக்யூரிட்டி விளக்கு எரிந்தால் திருப்பித் திருப்பி முயலாமல், சாவியை எடுத்துச் சில்லைத் துடைத்து, 4 நிமிடம் பொறுங்கள்.

கே: சில நாள் ஸ்டார்ட் ஆகிறது, சில நாள் செக்யூரிட்டி விளக்கு எரிந்து அடம்பிடிக்கிறது. மெக்கானிக் மாட்யூலை மாற்றச் சொல்கிறார்.

மாற்றாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் சில்லின் இரு பக்கத்திலும் வைத்து வரும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சில்லு அழுக்காக இருந்தால் பென்சில் ரப்பரால் தேய்க்கலாம். பூட்டுக்குள் கான்டாக்ட் கிளீனர் மட்டும் அடியுங்கள், எண்ணெய் கூடாது.

அடுத்து, ஸ்டியரிங் தண்டின் அடியில் பூட்டிலிருந்து இறங்கும் இரண்டு வயர் கனெக்டரைக் கழற்றி, சாவியைச் செருகி, பூட்டுப் பக்கம் அளங்கள். சாவியில் வந்த அளவே இங்கும் வரவேண்டும். சாவியை மெல்ல அசைத்து, ஸ்டியரிங்கை ஏற்றி இறக்கும்போது அளவு தாவினாலோ அறுந்தாலோ கோளாறு வயரில்தான். அவை மிக மெல்லிய வயர்கள். சாவியைத் திருப்பும்போதெல்லாம் வளைந்து வளைந்து உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும். வயரோடு சேர்ந்த புதுப் பூட்டு சிலிண்டரைப் போடுவதே முழுத் தீர்வு. ஏர்பேக் உள்ள காரில், சர்வீஸ் மேனுவல்படி அதைச் செயலிழக்கச் செய்த பிறகே ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டும்.

கே: அந்தக் கனெக்டரில் அதே ஓமுக்கு ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிட்டால்?

கார் கிளம்பும், காவல் போய்விடும். மாட்யூல் எப்போதும் சரியான சாவி இருப்பதாகவே நம்பும். பூட்டை உடைத்தவனும் ஓட்டிக்கொண்டு போகலாம். செய்யாதீர்கள்.

கே: விளக்கு எரியவில்லை, ஸ்டார்ட்டரும் சுற்றவில்லை.

அப்படியானால் சாவியைச் சந்தேகிக்கும் முன் பேட்டரி முனைகள், நியூட்ரல் அல்லது கிளட்ச் சுவிட்ச், ஸ்டார்ட்டர் ஆகியவற்றைப் பாருங்கள்.

கே: ஓடும்போது விளக்கு எரிந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடுமா?

நிற்காது. இதன் அடுத்த பதிப்பான பாஸ்-கீ 2 உள்ள கார்களில் மறுபடி ஸ்டார்ட் செய்யவும் முடியும். ஆனால் அந்த நேரத்தில் திருட்டுப் பாதுகாப்பு வேலை செய்யவில்லை என்று பொருள். சீக்கிரம் பழுது பாருங்கள்.