சித்தப்பாவின் பட்டியலும் பழைய ஆங்கிலமும்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா ஒரு நீளமான பட்டியல் போட்டிருக்கிறார். ஆங்கிலத்தின் பழைய சொற்களெல்லாம் தமிழிலிருந்து போனவையாம். ஒன்று 'ஒன்' ஆனது, எட்டு 'எயிட்' ஆனது, காசு 'கேஷ்' ஆனது. ஆதாரம் கேட்டால், "காதில் கேட்கவில்லையா? இதற்கு மேல் என்ன?" என்கிறார். எனக்கு மறுக்கவும் தெரியவில்லை, நம்பவும் முடியவில்லை. இதில் எவ்வளவு உண்மை?

ஒரு வாசகர், விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

சித்தப்பா இன்றைய ஆங்கிலத்தைக் காதில் வாங்கி வம்சம் சொல்கிறார். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிய, அது ஆயிரம் ஆண்டுக்கு முன் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் ஜெர்மனி, டென்மார்க் கரைகளிலிருந்து பிரிட்டனுக்குப் போய்க் குடியேறிய ஆங்கிள், சாக்சன் கூட்டத்தாரின் பேச்சுதான் பழைய ஆங்கிலம். 1066இல் நார்மானியர் வந்து பிரெஞ்சைக் கலந்துவிடும் முன்பே அதில் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் தேடிப் பார்க்கலாம்.

'ஒன்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் 'ஆன்' என்று பெயர். அந்தக் காலத்தில் பட்டியல் போட்டிருந்தால் சித்தப்பா அதை ஆணோடு சேர்த்திருப்பார். ஜெர்மன் 'ஐன்', லத்தீன் 'ஊனுஸ்' இதன் உறவுகள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'an', 'a' இரண்டும் இதே சொல் தேய்ந்தவை. 'ஆல்' என்பதோடு சேர்ந்து 'அலோன்' ஆனது, 'ஒன்லி'யும் இதிலிருந்துதான். மனஸ்தாபம் தீர்ந்து ஒன்றாவதற்கு 'அட்டோன்' என்றார்கள், பிறகு அது பிராயச்சித்தம் ஆகிவிட்டது. இன்று 'வன்' என்கிறோமே, அந்த 'வ' 14ஆம் நூற்றாண்டு வாக்கில் தென்மேற்கு இங்கிலாந்தின் வட்டாரப் பேச்சில் ஒட்டிக்கொண்டது.

'எயிட்' முன்பு 'ஏஅஹ்த'. எழுதும்போது வந்து வாயில் வராமல் போகும் ஜி, எச் இரண்டும் அந்தத் தொண்டை ஒலியின் மிச்சம். லத்தீனில் 'ஆக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. நம் எட்டைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். எண்பது, எண்திசை, எண்சீர் என்று 'எண்'ணில் போய் நிற்கிறது. உறவென்றால் பின்னே போகப் போக நெருங்க வேண்டும். இவை விலகிப் போகின்றன.

கேஷில் சித்தப்பாவுக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டு 'கேஷ்' உண்டு. கையில் இருக்கும் ரொக்கம் லத்தீன் 'காப்சா'விலிருந்து, அதாவது பெட்டியிலிருந்து வந்தது. முதலில் அது பணப்பெட்டிக்கே பெயர். இன்னொன்று நம் காசு, போர்த்துகீசியர் வாய் வழியாகப் போனது. மதராசில் கம்பெனிக்காரர்கள் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கெழுதியபோது புழங்கிய கேஷ் அதுதான். நாணயம் போனதும் அந்தச் சொல்லும் ஏறக்குறைய போய்விட்டது.

காது ஏமாற்றும் என்பதற்கு எனக்குப் பிடித்தது 'லார்ட்'. அதற்கும் ரொட்டிக்கும் தொடர்பு உண்டென்று யாராவது சொன்னால் சிரிப்போம். ஆனால் ரொட்டிக்குப் பழைய சொல் 'ஹ்லாஃப்', இன்றைய 'லோஃப்'. ரொட்டியைக் காப்பவர் 'ஹ்லாஃப்வேஆர்ட்'. அது தேய்ந்து 'ஹ்லாஃபோர்ட்', அப்புறம் 'லார்ட்'. 'லேடி' முதலில் 'ஹ்லேஃப்டியே', ரொட்டி மாவு பிசைபவள். அவர்கள் வீட்டில் உண்டு வேலை செய்தவனுக்கு 'ஹ்லாஃப்ஏட்டா', ரொட்டி தின்பவன், என்று பெயர். கி.பி. 600 வாக்கில் கென்ட் நாட்டு அரசன் ஏதெல்பெர்ட் எழுதுவித்த சட்டத்தில் இவன் வருகிறான். ஒரு குடியானவனின் ரொட்டி தின்பவனைக் கொன்றால் அபராதம் 6 ஷில்லிங். எஜமானும் எஜமானியும் வேலைக்காரனும் ஒரே ரொட்டியை வைத்துப் பெயர் பெற்றிருக்கிறார்கள். இதில் 'ரொட்டி தின்பவன்' என்ற சொல் மட்டும் வழக்கிழந்து போனது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

சரி, நம் பக்கத்திலிருந்து போனது எதுவுமே இல்லையா? கட்டுமரமும் சுருட்டும் கப்பல்காரர்கள் காலத்தில் போனவை, அவை பழைய ஆங்கிலம் இல்லை. பழைய ஆங்கிலத்துக்குள்ளேயே ஒன்று இருக்கிறது, 'பிபோர்'. மிளகு. அக்கால ஆங்கில மருத்துவச் சுவடிகளில் மருந்துக்கு மருந்து அதைச் சேர்க்கிறார்கள். 735இல் ஜாரோ மடத்தில் சாகக் கிடந்த பீட் என்ற துறவி, தன் பெட்டியில் இருந்த சொற்பப் பொருள்களைச் சக துறவிகளுக்குப் பங்கிட்டார். அதில் மிளகும் இருந்தது என்று அவருடைய மாணவர் எழுதியிருக்கிறார். மேற்குக் கரைக் காடுகளில் விளைந்து, அத்தனை கை மாறி, வட இங்கிலாந்து வரை போயிருக்கிறது!

பெயர் போன வழி லத்தீன் 'பிபெர்', அதற்கு முன் கிரேக்க 'பெபெரி', அதற்கும் முன் இந்தியாவின் 'பிப்பலி'. பிப்பலி என்றால் மிளகு அல்ல, திப்பிலி. கிரேக்கர்கள் இரண்டையும் ஒரே பெயரில் அழைத்ததில் திப்பிலியின் பெயர் மிளகுக்கு ஒட்டிக்கொண்டது. இதைச் சித்தப்பாவுக்கு அனுப்புங்கள். உடனே பட்டியலில் சேர்த்துவிடுவார். பிப்பலி வடமொழி வடிவம் என்பதை இரண்டு நாள் கழித்துச் சொன்னால் போதும்.