கணிதமா, தமிழா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மஹேபூரில் வசிக்கிறேன். வயது 17. எஸ்.சி. தேர்வில் ஆறு பாடங்களுக்குச் சேர்த்து 8 யூனிட் எடுத்தேன். தமிழில் 1. இளைஞர் சாதனை விருதில் வெண்கலம் வாங்கியிருக்கிறேன், இப்போது வெள்ளிக்கு முயற்சி செய்கிறேன். காலேஜ்களுக்கு இடையே நடந்த நீச்சல் போட்டியில் இரண்டாம் இடம். கோவிலில் நடந்த தேவாரப் போட்டியில் முதல் இடம். 2020இல் வாகாஷியோ கப்பல் எண்ணெய் கொட்டியபோது எனக்கு 11 வயது. அம்மாவோடு போய்க் கரும்புச் சோகை அடைத்துத் தடுப்பு தைத்தேன்.

இப்போது 12ஆம் வகுப்பு. உயிரியல், வேதியியல் இரண்டும் முடிவாகிவிட்டன. மூன்றாவது முக்கியப் பாடம்தான் பிரச்சினை. கணிதம் எடுத்தால் லோரியேட் ஆக வாய்ப்பு இருக்கிறது, மருத்துவம் படிக்கலாம் என்கிறார் அப்பா. தமிழ் மிஸ் என்னை நம்பி இருக்கிறார். நானும் விட்டுவிட்டால் வகுப்பில் மிகச் சிலர்தான் மிஞ்சுவார்கள். எனக்கு மருத்துவத்தில் ஆசை இல்லை. கடல் பற்றிப் படிக்கவே விருப்பம். மாமா மீன் பிடிப்பவர். அவர் கொண்டுவரும் மீனை மூன்று வருடமாக ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். அது வெறும் பொழுதுபோக்கு. தமிழை விடுவது துரோகம் போல இருக்கிறது. என்ன செய்யட்டும்? பெயர் போட வேண்டாம்.

க., மஹேபூர்

அன்புள்ள க.,

கணிதத்தை எடு. தமிழைத் துணைப் பாடமாக வைத்துக்கொள். தமிழில் எழுதுகிறவன், தமிழ் சொல்லிக்கொடுத்தவன் இப்படிச் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

முதலில் மொரீஷியஸுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்குச் சில வரிகள். இங்கே மேல்நிலைப் பள்ளியைத்தான் காலேஜ் என்கிறோம். 11ஆம் வகுப்பு முடிவில் எஸ்.சி. (ஸ்கூல் சர்டிபிகேட்), 13ஆம் வகுப்பு முடிவில் எச்.எஸ்.சி. (ஹையர் ஸ்கூல் சர்டிபிகேட்). இரண்டும் கேம்பிரிட்ஜ் தேர்வுகள். எஸ்.சி.யில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 9 வரை தரம் போடுவார்கள், 1தான் உச்சம். ஆறு பாடங்களின் தரத்தைக் கூட்டினால் வருவது யூனிட். 6 வந்தால் அதற்கு மேல் இல்லை. 8 என்பது பெரிய விஷயம். எச்.எஸ்.சி.யில் மூன்று முக்கியப் பாடங்கள், அவற்றோடு துணைப் பாடம், ஆங்கிலத்தில் ஒரு பொதுத்தாள். எச்.எஸ்.சி.யில் முதல் வரிசையில் வருபவர்களுக்கு அரசு உதவித்தொகை உண்டு. அவர்களைத்தான் லோரியேட் என்கிறோம். பெயர்ப் பட்டியல் வரும் நாளில் காலேஜ் முற்றத்தில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள், தீவே வானொலியும் டிவியுமாக இருக்கும்.

சரி, உன் கடிதத்துக்கு வருகிறேன். நீ அனுப்பியது இரண்டு பக்கம். இடம் கருதி மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அந்த இரண்டு பக்கத்தில் தமிழைப் பற்றி நான்கு வரி இருந்தது, நான்கும் குற்ற உணர்ச்சி. கடலைப் பற்றி எழுதிய இடத்தில் உன் கையெழுத்தே வேகமெடுத்துச் சாய்ந்துவிட்டது. மாமா காலையில் கொண்டுவரும் கூடையில் கொர்தோனியே எத்தனை, கப்பித்தென் எத்தனை, ஊரித் என்று நாம் சொல்லும் பேய்க்கணவாய் எந்த மாதத்தில் சின்னதாக வருகிறது என்றெல்லாம் எழுதிக்கொண்டே போனாய். அப்புறம் திடீரென்று நிறுத்தி, ‘அது வெறும் பொழுதுபோக்கு’ என்று முடித்துவிட்டாய்.

நீ சொன்ன சாதனைகளில் அந்த நோட்டைத்தான் நான் முதலில் வைப்பேன். நீச்சலும் தேவாரமும் வெண்கல விருதும் சந்தோஷமான விஷயங்கள், நீ உழைத்து வாங்கியவை. அவற்றை வாங்கிய பிள்ளைகள் தீவில் இன்னும் பலர் இருக்கிறார்கள். யாரும் சொல்லாமல், மதிப்பெண் கிடைக்காது என்று தெரிந்தும், தன் ஊர் லகூனின், அதாவது கரைக்கும் பவளத்திட்டுக்கும் நடுவே இருக்கும் கடலின், மீனை மூன்று வருடம் எழுதிவைத்த பிள்ளைகள் எத்தனை பேர்?

அது ஏன் முக்கியம் என்று வாகாஷியோவே சொல்லும். கப்பல் 2020 ஜூலை 25 அன்று புவாந்த் தெஸ்னிக்கு வெளியே பவளத்திட்டில் ஏறியது. ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிந்தது, ஏறக்குறைய 1,000 டன். நீ தைத்த சோகைத் தடுப்புகள், அவை மிதப்பதற்காகக் கட்டிய காலி பிளாஸ்டிக் பாட்டில்கள், எண்ணெயை உறிஞ்சுவதற்காகத் தலைமுடியை வெட்டிக் கொடுத்த பெண்கள் எல்லாவற்றையும் உலகமே பார்த்தது. அதன்பின் மாதக்கணக்கில் அந்தப் பக்கத்து லகூனில் மீன்பிடிக்கத் தடை. எண்ணெய்க் கசிவுக்கு நஷ்டஈடு கேட்கும் மீனவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், அதற்கு முன்பு தான் என்ன பிடித்தேன் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். சிறு படகுக்காரர் எத்தனை பேரிடம் அது இருக்கும்? அனுபவம் எல்லாம் மனத்தில் இருக்கிறது, தாளில் இல்லை. அந்தத் தாளை நீ எழுதிக்கொண்டிருக்கிறாய்.

ஆனால் உன் நோட்டில் ஒரு குறை இருக்கிறது. அதைச் சரிசெய்யச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன். நீ நகலெடுத்து அனுப்பிய பக்கத்தில் தேதி இருக்கிறது, மீன் பெயர் இருக்கிறது, கிலோ இருக்கிறது. மாமா எத்தனை மணி நேரம் கடலில் இருந்தார், எத்தனை பேர் போனார்கள், எத்தனை மூங்கில் கூடு போட்டார்கள் என்பது இல்லை. ஒரு நாள் 4 மணி நேரத்தில் 12 கிலோ, இன்னொரு நாள் ஏழரை மணி நேரத்தில் 15 கிலோ என்று வைத்துக்கொள். கிலோவை மட்டும் பார்த்தால் இரண்டாவது நாள்தான் நல்ல நாள். மணிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார், முதல் நாள் 3 கிலோ, இரண்டாவது நாள் 2 கிலோ. லகூனில் மீன் குறைந்துகொண்டே போனாலும் மாமா கூடுதல் நேரம் உழைத்து அதே கூடையை நிரப்பிவிடுவார். நோட்டில் எதுவுமே மாறாதது போலத் தெரியும். மீன்வளத்தைக் கணிப்பவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு உழைப்புக்கு எவ்வளவு மீன் என்பதைத்தான். நாளையிலிருந்து மூன்று பத்திகள் சேர்த்துவிடு: புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், கூடுகளின் எண்ணிக்கை. காற்று எந்தப் பக்கம் என்றும் எழுது. மாமா போகாத நாளையும் விடாதே. போகாத நாளும் ஒரு தகவல். பெருவலைக்கு அக்டோபர் 1 முதல் பிப்ரவரி முடிவு வரை தடைக்காலம் இருப்பது உனக்குத் தெரியும். அக்கம்பக்கத்தில் வலை நின்ற மாதங்களில் மாமாவின் கூட்டில் என்ன மாறுகிறது என்று மூன்று வருடத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்.

அப்படிப் பார்க்கும்போது உனக்குக் கேள்விகள் வரும். இந்த வித்தியாசம் உண்மையானதா, தற்செயலா? இரண்டு மோசமான வாரங்கள் சராசரியை இழுத்துவிட்டனவா? இதற்கெல்லாம் பதில் புள்ளியியலில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் கணிதத்தில் நிகழ்தகவு, புள்ளியியல் தாள் உண்டு. உன் காலேஜில் எந்தத் தாள்களை எழுத வைக்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள். கடலியல் என்றால் டால்பினும் பவளமும் என்று நினைத்துச் சேரும் பிள்ளைகள் பட்டப்படிப்பில் தடுமாறும் இடம் இந்தக் கணக்குத்தான். அப்பா கணிதம் எடு என்று சொல்வது சரி. அவர் சொல்லும் காரணம்தான் எனக்கு ஒப்பவில்லை.

லோரியேட் விஷயத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். அந்த உதவித்தொகை கிடைத்தால் நல்லது, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு உலகமே திறக்கும். ஆனால் அதை நோக்கமாக வைத்துப் பாடத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருடம் காலேஜ் முடிந்ததும் லெசோன் என்று நாம் சொல்லும் டியூஷன், சனிக்கிழமையும் லெசோன் என்று ஓடி, கடைசியில் ஒரு சில மதிப்பெண்ணில் தவறவிட்டுத் தன்னைத் தோற்றவள் என்று நினைத்துக்கொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் வாங்கியிருந்தது அருமையான மதிப்பெண். பட்டியல் சின்னது, அதில் வராதவர்கள்தான் எப்போதும் அதிகம். கணிதத்தை உன் நோட்டுக்காக எடு. உதவித்தொகை வந்தால் வாங்கிக்கொள்.

இனித் தமிழ். இதில்தான் எனக்கு மனக்கஷ்டம். 1ஆம் வகுப்பில் தமிழ் எடுக்கும் நம் பிள்ளைகள் மேலே போகப் போகக் குறைந்துகொண்டே வருகிறார்கள். வீட்டில் கிரியோல், காலேஜில் ஆங்கிலமும் பிரெஞ்சும். கோவிலில் தேவாரம் பாடுகிற பலர் ரோமன் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடுகிறார்கள். பக்தியில் ஒரு குறையும் கிடையாது, ஆனால் எழுத்து கண்ணில் படுவதே இல்லை. போதிய பேர் சேராவிட்டால் வகுப்பு நடத்துவதே சிரமம் என்ற நிலையில் உன் மிஸ் ஒவ்வொரு பிள்ளையையும் பிடித்துவைக்கப் பாடுபடுகிறார். அந்தப் பாட்டை நானும் பட்டிருக்கிறேன். அதனால்தான் முழுவதும் விட்டுவிடு என்று சொல்லவில்லை. துணைப் பாடமாக எடுத்தால் அந்த வகுப்பில் நீ உட்கார்ந்திருப்பாய், வருகைப் பதிவேட்டில் உன் பெயர் இருக்கும், வாரத்தில் சில மணி நேரம் தமிழில் எழுதுவாய்.

தமிழையே பட்டப்படிப்பாக எடுப்பதானால் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது. அங்கே படித்தவர்கள்தான் இன்று தீவெங்கும் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரும்பாலும் ஆசிரியர் வேலைக்குத்தான் அந்த வழி போகும். மதிப்பான வேலை, ஆட்களும் தேவை. ஆனால் ஆசிரியர் வேலைக்கு அந்த வேலையில் ஆசை வேண்டும், உன் கடிதத்தில் அது ஒரு வரிகூட இல்லை. தமிழைக் கைவிட்ட பாவம் வந்துவிடும் என்ற பயத்தில் வகுப்புக்குப் போகும் ஆசிரியை பிள்ளைகளுக்கும் நல்லதில்லை, தமிழுக்கும் நல்லதில்லை. நமக்குத் தமிழ் தெரிந்த கடலியல்காரர் வேண்டும். ஊரித் ஏன் குறைகிறது என்று மொரீஷியஸ் பிள்ளைகளுக்குத் தமிழில் எழுதிக்கொடுக்க ஒருவர் இருந்தால், தமிழ்ப் பாடப்புத்தகத்தில் எங்கோ தொலைவில் இருக்கும் ஊர்களின் கதையோடு நம் லகூனும் வரும்.

பல்கலைக்கழகம் பற்றிக் கேட்டிருந்தாய். என் யோசனை, முதல் பட்டம் இங்கேயே, ரெதுய்யில் இருக்கும் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் படி. அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்துக்கு 2019 முதல் கல்விக் கட்டணம் கிடையாது. மாணவர்களுக்கு பஸ் 2005 முதலே இலவசம். மஹேபூரிலிருந்து கியூர்பிப் போய் மாற வேண்டும், தூரம்தான், ஆனாலும் மாலையில் வீடு திரும்பலாம், நோட்டும் தொடரும். எனக்கு அதுதான் பெரிய காரணம். மூன்று வருடத்தோடு நிற்கும் பதிவை விட, எட்டு வருடத்துக்கு நீளும் பதிவின் மதிப்பு பலமடங்கு. இங்கே சேர்வதற்கு எச்.எஸ்.சி. மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள், சான்றிதழ்க் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். படிக்கும்போதே விடுமுறையில் அல்பியோன் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சிக்கு இடம் கேட்டுப் பார். நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போ.

மேற்படிப்புக்கு வெளியே போ, கட்டாயம் போ. பக்கத்திலேயே ரீயூனியன் பல்கலைக்கழகம் இருக்கிறது, சான் தெனிக்குப் பறந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது, பாடம் பிரெஞ்சில் நடக்கும். தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் கழிமுகத்தில் இருக்கிறது. இந்தியாவில் கடல் உயிரியலுக்குப் பேர்போன இடங்களில் அது ஒன்று. தூத்துக்குடியில் 1977இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி இருக்கிறது. இந்திய அரசு மொரீஷியஸ் மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது, அந்த அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிரு. பரங்கிப்பேட்டைக்குப் போனால் வகுப்புக்கு வெளியே, படகுக்காரர்களிடம் பேச உன் தமிழ் உதவும். கடற்கரைத் தமிழ் முதல் வாரம் காதில் ஏறாது, போகப் போகப் பழகிவிடும். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தையும் எழுதியிருந்தாய். பவளப் படிப்புக்கு நல்ல இடம். ஆனால் முதல் பட்டத்துக்கே அங்கே போக வீட்டில் கடன் வாங்க வேண்டியிருந்தால் நான் சம்மதிக்க மாட்டேன். வெளிநாட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது உன்னைப் பற்றி ஒரு கட்டுரை கேட்பார்கள். அதில் நோட்டைப் பற்றி முதல் பத்தியில் எழுது, வாகாஷியோவை இரண்டாவதில். நீச்சலுக்கு ஒரு வரி போதும்.

வெள்ளி விருதுக்கு எந்தத் திறனைப் பதிவது என்று யோசித்துக்கொண்டிருந்தாய் அல்லவா? இந்தப் பதிவையே திறன் பிரிவில் காட்ட முடியுமா என்று உன் பொறுப்பாளரிடம் கேள்.

மருத்துவம் வேண்டாம் என்பதை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடு. எச்.எஸ்.சி. முடிவு வந்த பிறகு சொன்னால் இரண்டு வருடம் ஏமாற்றியதாக அவருக்குத் தோன்றும். கணிதம் எடுக்கிறேன் என்பதை முதலில் சொல், அவர் முகம் மலர்ந்திருக்கும்போது மற்றதைச் சொல். மாமாவும் பக்கத்தில் இருக்கட்டும். தமிழ் மிஸ்ஸிடம் நீயே நேரில் போ, ரெக்டர் (தலைமையாசிரியர்) அலுவலகத் தாள் மூலமாக அவருக்குத் தெரியவேண்டாம். துணைப் பாடமாகத் தொடர்கிறேன் என்பதைச் சொல்லிவிட்டு, எழுத்துப் பயிற்சிக்காக அந்த நோட்டின் ஒரு மாதத்தைத் தமிழில் கட்டுரையாக எழுதித் தந்தால் திருத்தித் தருவாரா என்று கேட்டுப் பார். பாட மாற்றத்துக்குக் காலேஜ் கொடுக்கும் அவகாசம் குறைவாகத்தான் இருக்கும். திங்கட்கிழமையே போய்விடு.

அன்புடன்.