அக்கா தங்கை இருவருக்கும் ஒரே பெயர்

அன்புள்ள ஐயா,

பேச்சாளர் சிசரோவின் காலத்து (பொ.ஆ.மு. முதல் நூற்றாண்டு) ரோமில் நடக்கும் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் செனட்டர் மகன், பெயர் மாக்சிமஸ் டைட்டஸ். தங்கைகள் ஔரேலியா, ஃப்ளாவியா. வீட்டு அடிமை ஹெர்மெஸ். இவை நிஜ ரோமானியப் பெயர்கள் போலத்தானே இருக்கின்றன?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

ஹெர்மெஸ் மட்டும் தேறுகிறான். அடிமைகளுக்குக் கிரேக்கப் பெயர் இருப்பது அங்கே சர்வசாதாரணம்.

மற்ற மூவருக்கும் ஓசை பார்த்துப் பெயர் வைத்திருக்கிறீர்கள். ரோமில் பெயரின் பெரும்பகுதி, பிள்ளை பிறக்கும் முன்பே முடிவாகிவிடும். முதலில் குலத்தை முடிவு செய்யுங்கள். அப்பாவின் குலப்பெயரின் பெண்பால் வடிவம்தான் மகளின் பெயர். மகள் ஔரேலியா என்றால் அப்பா ஔரேலியஸ். அப்புறம் அடுத்த மகளும் ஔரேலியாதான், ஃப்ளாவியா ஆக வழியே இல்லை. சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸுக்கு, அதே தாய்க்கு வேறு தந்தை மூலம் பிறந்த மூன்று தங்கைகள், மூவரும் ஜூனியா! பிரீமா, செகுண்டா, டெர்சியா என்று வரிசை எண் சேர்த்துத்தான் பிரித்துச் சொல்கிறோம். வாசகர் குழம்புவாரே என்று பயப்படாதீர்கள். எந்த ஔரேலியாவுக்கு வந்த கடிதம் என்று தெரியாமல் வீடே அல்லாடினால் உங்களுக்கு ஒரு அத்தியாயம் கிடைத்தது.

நாயகன் பெயர் தலைகீழாக நிற்கிறது. டைட்டஸ் என்பது முன்பெயர், அதாவது பிள்ளைக்கென்று வைக்கும் சொந்தப் பெயர். அதுதான் முதலில் வரவேண்டும், அடுத்தது குலப்பெயர். அன்று புழக்கத்தில் இருந்த ஆண் முன்பெயர்களே சுமார் 18தான். அதிலும் ஒவ்வொரு குடும்பமும் இரண்டு மூன்றையே திரும்பத் திரும்ப வைக்கும். கிளாடியஸ் குலத்தில் லூசியஸ் என்ற பெயருடைய இருவர், ஒருவர் வழிப்பறியிலும் இன்னொருவர் கொலையிலும் தண்டனை பெற்றதால், அந்தக் குலம் அந்தப் பெயரையே ஒதுக்கிவிட்டதாக ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார்.

கடைசியில் வருவது கிளைப்பெயர். எப்போதோ ஒரு மூதாதையருக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயராக இருக்கும். சிசரோவின் பெயருக்குள் இருப்பது கொண்டைக்கடலை! ஸ்ட்ராபோ என்றால் மாறுகண். மாக்சிமஸ், அதாவது 'மிகப் பெரியவன்', சினிமா வாசனை அடிக்கிறது. நானாக இருந்தால் டைட்டஸ் ஔரேலியஸ் ஸ்ட்ராபோ என்று வைத்து, அவனுக்கு அழகான நேர்க்கண்கள் கொடுப்பேன்.

ஹெர்மெஸை ஒருநாள் விடுதலை செய்வீர்கள் என்று நினைக்கிறேன். சிசரோவின் அடிமை டைரோ பொ.ஆ.மு. 53இல் விடுதலையானதும், எஜமானின் முதல் இரண்டு பெயர்களையும் பெற்று மார்க்கஸ் டுல்லியஸ் டைரோ ஆனார். உங்கள் ஹெர்மெஸை நாயகன் விடுவித்தால் அவன் டைட்டஸ் ஔரேலியஸ் ஹெர்மெஸ். அப்பா விடுவித்தால் அப்பாவின் முன்பெயர் வரும். அது என்னவென்று நீங்கள் கடிதத்தில் சொல்லவே இல்லையே?