எச்-1பி விசாவில் இருப்பவர் பழைய வின்செஸ்டர் வாங்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் எச்-1பி விசாவில் இருக்கிறேன். 1891-இல் செய்த வின்செஸ்டர் 1873 ரைஃபிள் ஒன்று பென்சில்வேனியாவில் விலைக்கு வருகிறது. சுவரில் மாட்டத்தான் கேட்கிறேன். "இது ஆன்டிக் (பழம்பொருள்), லைசென்ஸ் வேண்டாம்" என்கிறார் விற்பவர். ஒரு பெட்டி தோட்டாவும் சேர்த்துத் தருகிறாராம். வாங்கலாமா?

பதில்: தோட்டாவைத் தொடவே தொடாதீர்கள். ரைஃபிளையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

மத்திய அரசின் சட்டத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898 முடிவதற்குள் செய்தவற்றைத் துப்பாக்கிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. விசைக்குக் கீழுள்ள கைப்பிடியான லீவரை இழுத்து இழுத்து 15 தோட்டா சுடலாம் என்பது அங்கே பொருட்டே இல்லை. ஆனால் ஆண்டை வாய்வார்த்தையாக நம்பக் கூடாது. லீவருக்குப் பின்னால் அடிப்பக்க இரும்புப் பட்டையில் வரிசை எண் இருக்கும். வயோமிங் மாநிலத்தின் கோடி நகர் அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் ஆலைப் பதிவேடுகள் உள்ளன. கட்டணம் கட்டினால் அந்த எண்ணுக்குக் கடிதம் தருவார்கள். இதே மாடலை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், அது ஆன்டிக் ஆகாது. குழல் 16 அங்குலத்துக்குக் குறைவு என்றால் குட்டைக் குழல் ரைஃபிள்களைக் கட்டுப்படுத்தும் 1934-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் குறுக்கே வரும்.

உண்மையான ஆபத்து அந்தப் பெட்டியில்தான். உங்களைப் போன்ற தற்காலிக விசாக்காரர் துப்பாக்கி, தோட்டா இரண்டுமே வைத்திருக்கக் கூடாது என்கிறது மத்தியச் சட்டத்தின் 922(ஜி) பிரிவு. ஆன்டிக் விலக்கு துப்பாக்கிக்கு மட்டுமே. இந்த மாடலில் போடும் .44-40 வகைத் தோட்டா இன்றும் கடையில் கிடைப்பது. சுட்டுமுடித்த வெறும் பித்தளைக் கூடுகூடச் சட்டத்தின் பார்வையில் தோட்டாதான். 15 ஆண்டு வரை சிறை, அதன்பின் நாடுகடத்தல். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் இந்தத் தடை இல்லை; அது காலாவதியான அன்றே தடை திரும்பிவிடும்.

ஆயுதம் வைத்திருப்பது அரசியலமைப்பு தரும் உரிமையாயிற்றே என்பீர்கள். 2008-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஹெல்லர் தீர்ப்பு அதைத் தனிமனித உரிமையாக ஏற்றது உண்மை. அதை நம்பி உங்கள் விசாவைப் பணயம் வைக்காதீர்கள்.

இனி நியூ ஜெர்சி. 1898-க்கு முன் செய்ததாக இருந்தாலும், அதற்கான தோட்டா கடையில் கிடைத்தால் இந்த மாநிலத்தில் அது ஆன்டிக் இல்லை. உங்கள் வின்செஸ்டர் இங்கேதான் மாட்டுகிறது. அதை வாங்க, துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை வேண்டும்.

பழைய தொடர்சுடும் துப்பாக்கிதான் ஆசை என்றால், 1855 மாடல் கோல்ட் சுழல் ரைஃபிளைத் தேடுங்கள். மருந்தும் குண்டும் தனித்தனியாக இட்டு, கேப் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வைத்துச் சுடுவது. முழுத்தோட்டா போடாததால் அலங்காரப் பொருளாக வைத்திருக்க மத்திய, மாநிலச் சட்டம் இரண்டும் இடம் தருகின்றன. பிற்பாடு தோட்டாவுக்கு மாற்றியதா என்று சுழல் உருளையைப் பார்த்து வாங்குங்கள். மருந்து, கேப் எதையும் வீட்டில் வைக்காதீர்கள்.