மவுண்டன் பைக்குக்கு ரிஜிட் ஃபோர்க் (ஷாக் இல்லாத முன் ஃபோர்க்) போடப் போகிறேன். ஸ்டியரர் (ஃபோர்க்கின் மேலே ஹேண்டிலோடு சேரும் தண்டு) அளவு சரியாக இருந்தால் போதுமா, ஃபோர்க்கின் நீளமும் பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். பார்க்காமல் வாங்கிய ஃபோர்க் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வியைக் கண்டதும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் சைக்கிள் 26 இஞ்சா 29 இஞ்சா என்று நீங்கள் சொல்லவில்லை. என்னுடையதைப் போலவே 29 இஞ்ச் சக்கரம், பின்னால் ஷாக் கிடையாது, முன்னால் 100 மிமீ வரை அமுங்கும் ஸ்பிரிங் ஷாக், அதுவும் துருப்பிடித்து இறுகிப்போய்விட்டது என்று வைத்துக்கொள்கிறேன். நன்றாக வேலை செய்யும் ஷாக்கை யாரும் கழற்றுவதில்லை.

என் ஷாக் ஏன் துருப்பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அபார்ட்மென்டில் சைக்கிளை லிஃப்டில் ஏற்றக் கூடாது. சங்கக் கூட்டத்தில் கைதூக்கிப் போட்ட தீர்மானம். ஃப்ரிட்ஜ் ஏறலாம், சோபா ஏறலாம், மூன்றாம் மாடிக்காரர் வாஸ்து மீன் தொட்டி ஏறலாம், சைக்கிள் ஏறினால் மட்டும் லிஃப்டில் கீறல் விழுமாம். கீழே பார்க்கிங்கில் தண்ணீர் லாரி குழாய் ஒழுகும் மூலையில்தான் இடம் கொடுத்தார்கள். இரண்டு மழைக்காலம் போதாதா? ஷாக்கின் பளபளப்பான கால்கள் சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டன. அமுக்கினால் போகும், திரும்பி வராது. கழற்றிக் கடைத் தராசில் வைத்தபோது 2.6 கிலோ. இரும்பு ரிஜிட் ஃபோர்க் என்றால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அந்த ஆசையில்தான் இறங்கினேன்.

கடைக்காரர் நல்ல மனிதர்தான், கை சுத்தமான வேலைக்காரர். நீளம் பற்றிக் கேட்டேன். “ஏனுங் தம்பி, போர்க்குல என்னங் நீளம் அகலம்? தண்டு உள்ள போயி, டயரு முட்டாம சுத்துனா முடிஞ்சுதுங்” என்றார். அவரிடம் இருந்தது ஹைபிரிட் சைக்கிளுக்கான 700சி சக்கர ஃபோர்க். தண்டு போனது, என் 2.1 டயரும் விரல் நுழையும் இடைவெளியில் சுற்றியது. மிச்சத் தண்டை வெட்டி, ஸ்டெம் (ஹேண்டிலைத் தண்டோடு பிடிக்கும் துண்டு) மாட்டி, 20 நிமிடத்தில் கையில் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. இறங்குமுகமான ரோட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உடம்பின் எடையெல்லாம் உள்ளங்கையில். மெதுவாக யூ டர்ன் போட்டால் ஷூ நுனி முன் டயரில் உரசியது. புது ஃபோர்க், பழகிவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆனைகட்டி போய்விட்டு மாங்கரைக்கு இறங்கும்போது ஒரு வளைவில் சைக்கிளைச் சாய்த்தேன். உள்பக்கப் பெடல் ரோட்டோர ஜல்லியில் அடித்தது. டங் என்று ஒரு சத்தம், பின்சக்கரம் பக்கவாட்டில் துள்ளியது, நான் ரோட்டில் கிடந்தேன். முழங்கைத் தோல் போனது, எலும்பு தப்பியது. பெடலின் ஓரத்தில் கால் ரூபாய் அளவுக்கு அலுமினியம் சீவிப் போயிருந்தது. அதே வளைவில் அதே வேகத்தில் பழைய ஷாக்கோடு நூறு தடவையாவது இறங்கியிருப்பேன்.

அன்று மாலைதான் டேப்பை எடுத்தேன். கடையில் எடுத்திருக்க வேண்டும்.

அளக்க வேண்டியது சக்கர அச்சின் நடுவிலிருந்து, ஃபோர்க்கின் தலையில் கீழ் பேரிங் உட்காரும் இடம் வரை. இதைத்தான் ஆக்சில் டு கிரௌன் என்கிறார்கள். ஸ்டியரர் தண்டு இந்தக் கணக்கில் வராது. என் பழைய ஷாக் முழுதாக நீண்டிருந்தால் 500 மிமீ. (நான் முதலில் அளந்தபோது 485 வந்தது, காரணம் அது கொஞ்சம் அமுங்கியே இறுகியிருந்தது. ஆகவே முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, ஷாக்கை இழுத்துவிட்டு அளக்கவும்.) கடையில் போட்டுக் கொடுத்தது 420. அதாவது 80 மிமீ குட்டை.

29 இஞ்சில் ஏறக்குறைய 20 மிமீ குறைந்தால் ஹெட் ஆங்கிள் (ஸ்டியரர் தண்டின் சாய்வு) ஒரு டிகிரி செங்குத்தாகும், பெடல் தண்டின் அச்சு 7, 8 மிமீ கீழே இறங்கும். என் சைக்கிளுக்குப் போட்டுப் பாருங்கள். 70 டிகிரி 74 ஆகியிருக்கிறது, பெடல் 3 செ.மீ. தரையை நெருங்கியிருக்கிறது. ஷாக்கில் நான் உட்கார்ந்தால் அமுங்கும் அளவைக் கழித்தாலும் 2 செ.மீ.க்கு மேல். டிரெயில் என்று ஒன்று இருக்கிறது, ஹேண்டிலைத் தானாக நேரே நிற்க வைப்பது அதுதான். அது 84 மிமீயிலிருந்து 57க்கு வந்துவிட்டது. ஹேண்டில் துருதுருவென்று இருந்ததற்குக் காரணம் அது.

சரி, அப்படியானால் 500க்கு 500 வாங்கிவிடலாமா? அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஷாக் என்பது நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் அதன் மொத்த அமுங்கும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும். 100 மிமீ ஷாக்கில் 20 மிமீ. ரிஜிட் ஃபோர்க் அமுங்காது. ஆகவே 500 ஷாக்கை நம்பிச் செய்த ஃபிரேமுக்கு 480தான் உண்மையான அளவு. 500 போட்டால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும். உயிர் போகாது, ஆனால் சுகமிருக்காது. 26 இஞ்ச் என்றால் எண்கள் வேறு, கணக்கு இதுவேதான். 80 மிமீ ஷாக் சுமார் 450 இருக்கும், அதற்கு 435 பக்கம் தேடுங்கள். 90களின் ஆரம்பத்தில் வந்த, ஷாக்கே இல்லாமல் பிறந்த ஃபிரேம்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு 400க்குப் பக்கத்தில் இருந்தாலே சரி.

எனக்கு 480 கிடைக்கவில்லை. 470இல் ஒரு இரும்பு ஃபோர்க் செகண்ட் ஹேண்டில் கிடைத்தது, போட்டுவிட்டேன். அரை டிகிரி வித்தியாசம், ஓட்டும்போது எனக்குத் தெரியவே இல்லை. 10 மிமீக்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது சிலர் வருவார்கள். “ஆஃப்செட்டைப் பற்றிப் பேசாமல் டிரெயிலைப் பேசுவது தப்பு” என்பார்கள். தெரியும். இரண்டு ஃபோர்க்கிலும் ஆஃப்செட் (ஸ்டியரர் கோட்டிலிருந்து சக்கர அச்சு முன்னே தள்ளியிருக்கும் தூரம்) 46 மிமீ, அதனால் விட்டேன். உங்களுடையதில் மாறினால் பாருங்கள். “அச்சிலிருந்து நேர்கோட்டில் அளக்கணுமா, தண்டுக்கு இணையாகவா” என்பார்கள். இரண்டுக்கும் 2 மிமீதான் வித்தியாசம், நம் கையில் இருப்பது தையல்காரர் டேப். இன்னும் சிலர் “இந்தக் காலத்தில் எதற்கு ரிஜிட், நல்ல ஏர் ஷாக் வாங்கலாமே” என்பார்கள். வாங்கலாம். லிஃப்டில் ஏற்ற விட்டால் வாங்குகிறேன்.

வாங்கும் முன் வேறு சிலவும் பாருங்கள்: உங்கள் ஹெட் டியூப் (ஃபிரேமில் ஸ்டியரர் நுழையும் குழாய்) நேரா, கீழே அகலமா, டிஸ்க் பிரேக் காலிப்பர் மாட்ட இடம் இருக்கிறதா, அச்சு 9 மிமீ க்விக் ரிலீஸா, 15 மிமீயா. இதையெல்லாம் கடைக்காரரே பார்த்துச் சொல்லிவிடுவார். நீளத்தை மட்டும் நீங்கள் அளந்து எழுதி எடுத்துப் போங்கள். ஓட்டிப் பார்த்துத் திருப்தியாகும் வரை தண்டை வெட்டவும் விடாதீர்கள். வெட்டியதைத் திருப்பி எடுக்க மாட்டார்கள், என்னிடமும் எடுக்கவில்லை.

அந்த 420 ஃபோர்க் இப்போது பால்கனியில் கொடிக்கம்பிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. 700சி ஹைபிரிட் வைத்திருக்கும் கோவைக்காரர் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். தண்டு 190 மிமீதான் மிச்சம், அளந்துகொண்டு வாருங்கள்.