1/5 என்றால் வெற்றி உறுதியா?

கேள்வி: லயன்ஸ் (பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்த ரக்பி அணி) ஆடும் சுற்றுப்பயண டெஸ்ட், அதாவது சர்வதேச ஆட்டம், ஒன்றுக்குப் பந்தய விகிதம் ‘லயன்ஸ் 1/5, டிரா 25/1, ஆஸ்திரேலியா 7/2’ என்று பார்த்தேன். லயன்ஸ் ஜெயிப்பது உறுதிதானே? மூன்று டெஸ்ட்டையும் சேர்த்துக் கட்டச் சொல்கிறது ஒரு டெலிகிராம் குழு.
– வாசகர், லண்டன்

பதில்: உறுதி கிடையாது. 1/5 என்றால் 5 பவுண்டு கட்டினால் லாபம் 1 பவுண்டு. கைக்கு வருவது 6. கட்டியதை வருவதால் வகுங்கள்: 5÷6, அதாவது 83 சதவீதம். இதே கணக்கில் டிராவுக்கு 4, ஆஸ்திரேலியாவுக்கு 22. கூட்டினால் 109 வருகிறதா? நூறுக்கு மேலுள்ள 9 பந்தயக் கம்பெனியின் பங்கு. அதை நீக்கினால் (83÷109) லயன்ஸுக்கு 76தான். நாலில் ஒரு ஆட்டம் கைவிட்டுப் போகலாம். இந்தக் கூட்டுத்தொகையை விகிதத்துக்குப் பக்கத்திலேயே போடு என்று ஒரு சட்டம் இன்னும் ஏன் இல்லை?

டிராவை அலட்சியம் செய்யாதீர்கள். 2017இல் ஆக்லாந்து ஈடன் பார்க்கில் மூன்றாவது டெஸ்ட் 15-15, தொடரும் 1-1. சுற்றுப்பயண டெஸ்ட்டில் கூடுதல் நேரம் கிடையாது. டிராவும் ஒரு தேர்வாக இருக்கும் பந்தயத்தில் அன்று லயன்ஸ்மேல் கட்டியவருக்கும் போச்சு, நியூசிலாந்துமேல் கட்டியவருக்கும் போச்சு. இரண்டு அணி மட்டும் உள்ள பந்தயத்தில் டிரா ஆனால் கட்டிய பணம் பொதுவாகத் திரும்பும். தொடர் பந்தயத்திலும் ‘தொடர் சமன்’ தனியாக இருக்கிறதா, இல்லாவிட்டால் பணம் என்னவாகும் என்று விதிகளில் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

சேர்த்துக் கட்டுவதுதான் பெரிய பள்ளம். மூன்றிலும் ஜெயித்தால்தான் பணம். 1/5 என்றால் ஒரு பவுண்டுக்கு 1.2 (6÷5) வரும்; மூன்றுக்கும் 1.2×1.2×1.2 = 1.728, பத்து பவுண்டுக்கு 17.28. கம்பெனியின் 9 சதவீதமோ மூன்று முறை பெருகி 30ஐத் தொடும். 2025இல் பிரிஸ்பேனில் 27-19, மெல்போர்னில் 29-26 என்று தொடரையே வென்ற லயன்ஸ், சிட்னியில் 22-12 தோற்றது. மூன்றையும் சேர்த்துக் கட்டியவர்களுக்கு மொத்தமும் போனது அங்கேதான்.

டெலிகிராம் ஆட்களை நம்பாதீர்கள். அவர்கள் அனுப்பும் இணைப்பு வழியாக நீங்கள் சேர்ந்தால், நீங்கள் தோற்கும் பணத்தில் அவர்களுக்குக் கமிஷன் தரும் ஏற்பாடு இந்தத் தொழிலில் சகஜம். நீங்கள் ஜெயித்தால் அவர்களுக்கு என்ன லாபம்? ‘ஃபிக்ஸ் மேட்ச்’ (முடிவு முன்பே பேசி வைத்த ஆட்டம்) என்று முன்பணம் கேட்டால் அது மோசடி. கம்பெனியின் உரிம எண்ணைப் பிரிட்டன் சூதாட்ட ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். தளத்தில் ஒட்டியிருக்கும் முத்திரை போதாது. கை மீறுகிறது என்று தோன்றினால் கேம்ஸ்டாப்பில் (ஆன்லைன் சூதாட்டத்திலிருந்து நம்மை நாமே விலக்கிக்கொள்ளும் பதிவு) பதியுங்கள்: 6 மாதம், 1 வருடம் அல்லது 5 வருடம், உரிமம் பெற்ற ஆன்லைன் கம்பெனி எதுவும் உங்களை உள்ளே விடக்கூடாது. உரிமம் இல்லாத தளங்களை இது கட்டுப்படுத்தாது.