தப்பு எத்தனை நாளில் தெரிய வேண்டும்?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள், எதில் என்று கேட்டால் அறிவியல், மருத்துவம், கம்ப்யூட்டர் எல்லாமே பிடிக்கும் என்கிறாள், இது தெளிவா குழப்பமா என்று கேட்டிருந்தீர்கள். குழப்பம்தான். ஆனால் பதினேழு வயதில் இந்தக் குழப்பம் இல்லாமல் ஒரே துறையின் பெயரை ஒப்பிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் 'ஆராய்ச்சி' என்கிற சொல். ஒருவர் வண்டி ஓட்டப் போகிறேன் என்றால் ஆட்டோவா, லாரியா, ரயிலா என்று கேட்போம். ஆராய்ச்சி என்றால் மட்டும் வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய் என்று ஒரே படம் மனதில் வந்துவிடுகிறது. கணிதத்தில் ஆராய்ச்சி செய்பவர் சோதனைக் குழாயைத் தொட்டே இருக்க மாட்டார். நோய்ப் பரவலை ஆராய்கிறவருக்குப் பல நாட்கள் எக்செல்லிலும் போனிலுமே போய்விடும்.

எந்தத் துறைக்குப் போகலாம் என்று ஆலோசனை கேட்டு என்னிடம் வரும் பிள்ளைகளிடம் எந்தப் பாடம் பிடிக்கும் என்று நான் முதலில் கேட்பதில்லை. பாடம் பிடிக்கிறது என்பார்கள். கொஞ்சம் கிளறினால், பிடித்தது அந்த ஆசிரியரை. நான் கேட்பது வேறு: "நீ செய்தது தப்பு என்றால், அது எத்தனை நாளில் உனக்குத் தெரிந்தாக வேண்டும்?" விழிப்பார்கள். ஆராய்ச்சியில் பெரும்பாலான நாட்கள் ஏதோ ஒன்று சரியாக வராத நாட்கள்தான். சரியாக வரவில்லை என்பது எவ்வளவு சீக்கிரம் தெரியும், அதுவரை எதோடு, யாரோடு மல்லுக்கட்ட வேண்டும் என்பதில் துறைக்குத் துறை மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கம்ப்யூட்டரில் பதில் சீக்கிரம் வரும். எழுதிய நிரலை ஓட்டினால் சில விநாடிகளில் சிவப்பு எழுத்தில் திட்டு விழும். செயற்கை நுண்ணறிவில் வேலை செய்கிறவர்கள் ஒரு மாதிரியை, அதாவது தரவிலிருந்து கற்றுக்கொள்ளும் ஒரு நிரலை, ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில் பல் துலக்கும்போதே அதன் தவறுகளின் அளவைக் காட்டும் கோடு இறங்கியிருக்கிறதா என்று போனில் பார்ப்பார்கள். 2012இல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் மற்றவர்களை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளிய அலெக்ஸ்நெட் என்ற மாதிரியை, வீடியோ கேம் ஆடுவதற்கென்று விற்கிற இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளில் ஐந்தாறு நாளில் பயிற்றுவித்தார்கள். அதை உருவாக்கிய அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி அப்போது மாணவர். இதைக் கேட்டதும் எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் அந்தப் போட்டிக்கு அடிப்படையாக இருந்தது 2009இல் வெளியான இமேஜ்நெட் படத்தொகுப்பு. ஃபெய்-ஃபெய் லீயின் குழு, இணையம் வழியாக ஆயிரக்கணக்கானவர்களை உட்காரவைத்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட படங்களில் இருப்பது என்ன என்று ஒவ்வொன்றாகக் குறிக்கவைத்துத் திரட்டியது அது. ஐந்து நாள் வேலைக்கு அடியில் அத்தனை வருடப் பொறுமை கிடக்கிறது.

வேகம் இருக்கிற இடத்தில் போட்டியும் இருக்கும். அங்கே ஆராய்ச்சி இதழ்களைவிட மாநாடுகளுக்குத்தான் மவுசு. மாநாட்டுக்குக் கடைசித் தேதி உண்டு, அந்த வாரம் யாரும் தூங்க மாட்டார்கள். எட்டு மாதம் உழைத்த யோசனையை வேறொரு குழு போன வாரம் ஆர்கைவ் தளத்தில், அதாவது இதழில் வருமுன்பே கட்டுரைகளை எல்லோரும் படிக்கப் போடும் இணையதளத்தில், போட்டுவிட்டிருக்கும். இதைத் தாங்க ஒரு மனசு வேண்டும். அப்புறம், கம்ப்யூட்டர் ஆராய்ச்சி என்றாலே நிரல் எழுதுவது என்று நினைத்துவிடாதீர்கள். 1971இல் ஸ்டீபன் குக் முன்வைத்த 'பி சமம் என்பியா' என்ற கேள்வி (ஒரு விடை சரியா என்று சீக்கிரம் சரிபார்க்க முடிந்தால், அந்த விடையைச் சீக்கிரம் கண்டுபிடிக்கவும் முடியுமா என்பது அது) இன்றும் திறந்தே கிடக்கிறது; விடை சொல்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு காத்திருக்கிறது. அதில் இறங்குகிறவர்களுக்குத் தாளும் பேனாவும்தான் கருவி. இன்னொரு பக்கம், கண் தெரியாதவர்கள் ஒரு செயலியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுப்பதும் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிதான்.

கணிதத்தில் தப்பு என்று சொல்ல எந்தக் கருவியும் சத்தம் போடாது. ஆண்ட்ரூ வைல்ஸ் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தில் சுமார் ஏழு வருடம் தனியாக, அதிகம் பேருக்குச் சொல்லாமல் வேலை செய்தார். 1993 ஜூனில் நிரூபித்துவிட்டேன் என்று அறிவித்தார், உலகமே கொண்டாடியது. கையெழுத்துப் பிரதியைச் சரிபார்த்தபோது ஓர் ஓட்டை தெரிந்தது. அதை அடைக்கச் சுமார் ஒரு வருடம் போராடினார், இடையில் ரிச்சர்ட் டெய்லரையும் சேர்த்துக்கொண்டார். 1995இல்தான் அச்சில் வந்தது. இப்படி ஏழு வருடம் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது கணிதத்திலேயே அபூர்வம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் கரும்பலகை முன்னால் இரண்டு மூன்று பேராக நின்று வாதாடுகிறவர்கள்தான்.

இதற்கு நேர் எதிர் துகள் இயற்பியல். ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015இல் வந்த ஒரு கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். கட்டுரையின் 33 பக்கங்களில் பெயர்ப் பட்டியலே 24 பக்கம். விண்வெளியிலிருந்து வரும் நுண்ணிய அதிர்வான ஈர்ப்பலையைப் பிடித்த லைகோ ஆய்வுக்கூடமும் அப்படித்தான்: நான்கு கிலோமீட்டர் நீளக் கைகள், 40 கிலோ எடையுள்ள கண்ணாடிகள், 2015 செப்டம்பர் 14 அன்று ஒரு விநாடிக்கும் குறைவாக வந்துபோன ஒரு சைகை. அந்தக் கணத்துக்காக ஒருவர் வருடக்கணக்கில் செய்த வேலை, கண்ணாடியின் பூச்சு எவ்வளவு அதிர்கிறது என்று அளப்பதாக மட்டுமே இருந்திருக்கலாம். தன் பெயர் தனியாகத் தெரிய வேண்டும் என்கிற பிள்ளைக்கு இது ஒத்துவராது. பெரிய தேரில் ஒரு வடத்தைப் பிடித்தால் போதும் என்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

உயிரியலைப் பற்றி என் கதையையே சொல்கிறேன். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் ஒரு செல் ஆய்வகத்தில் இருந்தேன். மனித செல்களை 37 டிகிரி வெப்பத்தில் வளர்ப்போம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊட்டத் திரவத்தை மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் செல்லுக்குப் பசிக்காதா என்ன? அந்தத் திரவத்தில் ஃபீனால் ரெட் என்றொரு சாயம் கலந்திருக்கும். எல்லாம் நன்றாக இருந்தால் சிவப்பு, அமிலம் கூடினால் மஞ்சள். ஒரு திங்கட்கிழமை காலை இன்குபேட்டரைத் திறக்கிறேன், ஆறு தட்டும் மஞ்சள். கலங்கியும் இருந்தது. பாக்டீரியா புகுந்துவிட்டது. எங்கே கை பட்டதோ, எந்தக் குப்பியின் மூடி திறந்திருந்ததோ, இன்றுவரை தெரியாது. ஆறு வார வேலையை ப்ளீச் ஊற்றிக் கொட்டினேன். பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்து, "சரி விடு, நைட்ரஜன் தொட்டியில உறையவெச்ச செல் ஒரு குப்பி இருக்கும், நாளைக்கு எடுத்துப் போடு" என்றார். அவருக்கு அது ஐந்தாவது வருடம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவரோ பைப்பெட்டை எடுத்து 96 குழித் தட்டில் அடுத்த வரிசையை நிரப்ப ஆரம்பித்துவிட்டார்.

நான் கெட்டிக்காரனாக இருந்தேனா இல்லையா என்பது அங்கே விஷயமே இல்லை. அந்த அக்காவின் 'சரி விடு' எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அதே உயிரியலில் இன்னும் நீளமான காத்திருப்பும் உண்டு. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் ஒரே பாக்டீரியா வகையை 12 குடுவைகளில் போட்டு, தினமும் ஒரு பங்கை எடுத்துப் புதுத் திரவத்துக்கு மாற்றும் சோதனையைத் தொடங்கினார். பாக்டீரியா கண்ணெதிரே எப்படிப் பரிணமிக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். சுமார் 31,500 தலைமுறை கழித்து ஒரே ஒரு குடுவையில், அந்த இனம் வழக்கமாக அந்தச் சூழலில் தொடாத சிட்ரேட்டைத் தின்னும் பாக்டீரியா தோன்றியது. அதைப் பற்றிய கட்டுரை 2008இல் வந்தது. இருபது வருடம், தினமும் ஒரு சொட்டு.

இங்கேதான் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி என் கண்ணில் பட்டது. மாடித் தொட்டியில் எந்தச் செடி எந்தத் தேதியில் பூத்தது என்று இரண்டு வருடமாக ஒரு நோட்டில் எழுதுகிறாள், படிக்கிற நேரத்தில் இது எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அம்மா, அவளுடைய மதிப்பெண் பட்டியலை இணைத்திருந்தீர்களே, அதைவிட அந்த நோட்டுதான் எனக்கு அதிகம் சொன்னது. தயவுசெய்து அதைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.

டாக்டர் ஆகாமல் மருத்துவ ஆராய்ச்சி செய்ய முடியுமா என்பது உங்கள் அடுத்த கேள்வி. ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்பவரைச் சொல்கிறேன். டாக்டர் ஆக ஆசைப்பட்டவர். முதல் உலகப் போரின்போது காசநோய் வந்து படுத்தார், மருத்துவப் படிப்புக் கனவு போயிற்று. படுக்கையில் இருந்தபடி அஞ்சல் வழியில் பொருளாதாரம் படித்தார். பிறகு புள்ளியியலுக்கு வந்தார். 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் சோதனையை வடிவமைத்தவர் அவர்தான். 107 காசநோயாளிகள், யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதை டாக்டர்களின் விருப்பத்துக்கு விடாமல், மூடிய உறைக்குள் வைத்த சீட்டுப்படி முடிவு செய்தார்கள். எக்ஸ்ரே படங்களைப் பார்த்துச் சொன்னவர்களுக்கு எது யாருடையது என்று தெரியாது. இன்று மருந்துகளைச் சோதிக்கும் முறைக்கு அதுதான் முன்மாதிரி. தன்னைப் படுக்கவைத்த நோயையே இன்னொரு வாசல் வழியாக வந்து பிடித்தார் மனிதர்.

மருத்துவ ஆராய்ச்சியில் காத்திருப்பு வருடக் கணக்கு. அதுவும் மனிதர்களோடு. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் 1948இல் 5,209 பேரை வைத்துத் தொடங்கிய இதய ஆய்வு, அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று இன்னும் ஓடுகிறது. ரத்த அழுத்தமும் கொழுப்பும் இதயத்துக்கு ஆபத்து என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அதில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. இதில் அன்றாட வேலை என்ன என்றால், நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுவது, ஒப்புதல் படிவத்தை நோயாளிக்குப் புரிகிற மொழியில் விளக்குவது, ஆறாம் மாதப் பரிசோதனைக்கு வராதவரைப் போனில் கூப்பிட்டுக் கெஞ்சுவது. பேசப் பிடிக்காத பிள்ளை இதில் வாடிப்போகும். வேதியியல், புவியியல், வானியல் எல்லாவற்றுக்கும் இப்படித் தனித்தனிச் சுபாவம் உண்டு. அதையெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றக் கதவுகள் சாத்திக்கொள்ளுமோ என்று பயப்பட வேண்டாம். வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் பிஎச்டி முடித்தார். முடித்த கையோடு, உயிரியல் தெரியவில்லையே என்று மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தார். 2009இல் அவருக்குக் கிடைத்ததோ வேதியியல் நோபல். 2024இன் வேதியியல் நோபலில் பாதி, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருளுக்காக டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்ப்பருக்கும் போனது. அந்த மென்பொருள் பாடம் படித்தது 1971இல் தொடங்கிய புரத வடிவ வங்கியில். அதில் சேர்ந்திருந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்களில் பலவற்றுக்குப் பின்னால், படிகம் வளருமா வளராதா என்று காத்துக் கிடந்த ஏதோ ஒரு மாணவரின் சில வருடங்கள் இருக்கின்றன. ஆகவே கம்ப்யூட்டரா உயிரியலா என்று அவள் இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. புள்ளியியலும் கொஞ்சம் நிரலும் கையில் இருந்தால் எந்தப் பக்கமும் போகலாம். இந்த இரண்டை மட்டும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வேலை நிச்சயமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். மறைக்காமல் சொல்கிறேன்: நிச்சயம் இல்லை. பிஎச்டி முடிக்கிற எல்லோருக்கும் நிரந்தரப் பேராசிரியர் பணி எந்த நாட்டிலும் கிடையாது. முடித்த பிறகும் ஒப்பந்தத்தில் சில வருடம் ஓட வேண்டிவரும். கோவிட் தடுப்பூசிகளுக்கு வழிவகுத்த எம்ஆர்என்ஏ ஆராய்ச்சியைச் செய்த கேட்டலின் கரிகோவுக்கு 2023இல் நோபல் கிடைத்ததைச் சொல்லிப் பிள்ளைகளுக்கு ஊக்கம் கொடுப்பார்கள். அந்த ஆராய்ச்சிக்கு நிதி கிடைக்காமல் 1995இல் அவர் பதவியிறக்கப்பட்டதையும், ட்ரூ வைஸ்மேனோடு சேர்ந்து எழுதிய முக்கியமான கட்டுரை 2005இல் வந்தபோது பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்காததையும் பெற்றோரிடம் சொல்வது என் வழக்கம். யோசனை சரியாக இருந்தாலே போதும் என்கிற உலகம் இல்லை அது. அதே சமயம், தரவைக் கையாளத் தெரிந்தவர்களும் சோதனையைத் திட்டமிடத் தெரிந்தவர்களும் பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் தேவைப்படுகிறார்கள். மருந்து நிறுவனங்கள், மென்பொருள் நிறுவனங்கள், பொதுச் சுகாதாரத் துறைகள் எல்லாம் ஆராய்ச்சி பழகியவர்களை எடுத்துக்கொள்கின்றன.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை. அவளுக்குப் பிடித்த மூன்று துறைகளிலும் பிஎச்டி இரண்டாம், மூன்றாம் வருடத்தில் இருக்கும் ஆளுக்கு ஒருவருக்கு அவளையே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுத வேண்டாம். பேராசிரியர்களுக்கும் வேண்டாம்; அவர்களுக்குச் சோதனை மேசையை விட்டு எழுந்து வருடங்கள் ஆகியிருக்கும். நாலு வரி போதும், நீட்டி எழுதினால் பதில் வராது. இந்தத் துறைக்கு எதிர்காலம் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை என்னென்ன செய்தீர்கள் என்று கேட்கட்டும். வருகிற பதில்களை அந்தச் செடி நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒட்டிவைத்துக்கொண்டு இருவரும் வாருங்கள்.